கேள்விக்குப் பின் மூன்று மடக்கு

சிறுமாற்றத் திட்டத்தின் முதல் சுற்றறிக்கை வந்த வாரத்தில்தான் அறிவியல் டீச்சருக்குத் தொண்டையும் கட்டியது. பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததே காரணம். தொண்டை நான்கு நாளில் சரியாகிவிட்டது.

சுற்றறிக்கை பதினான்கு பக்கம். சின்னச் சின்ன மாற்றங்களால் வகுப்பறை மேம்படும் என்பதை அது பெரிய பெரிய சொற்களில் விளக்கியது. ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்துக்கு ஒரு மாற்றம் செய்ய வேண்டும். அதனால் கற்பித்தல் வாரத்துக்கு ஒரு சதவீதம் உயரும். மாற்றத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்துப் படிவத்தில் ஒட்ட வேண்டும். போன வார மாற்றம் இந்த வாரமும் அப்படியே இருந்தால் அது தேக்கம் எனக் கருதப்படும்.

கணக்கு டீச்சர் தன் மேசையை இடப்பக்கம் நகர்த்திப் படம் எடுத்தார். அடுத்த வாரம் வலப்பக்கம் நகர்த்தினார். இரண்டு சதவீதம் சேர்ந்தது. தலைமையாசிரியை எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "எதையாவது மாத்தி அனுப்புங்க டீச்சர். ஆனா எதையும் மாத்தி வெச்சுடாதீங்க, பரீட்சை வருது."

அறிவியல் டீச்சர் மட்டும்தான் சுற்றறிக்கையை முழுதாகப் படித்தாள். படித்ததோடு நிற்காமல் நம்பவும் செய்தாள். பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். எங்கோ ஒரு சின்ன இடத்தில் தப்பாகிறது என்று அவளுக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை. செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் வகுப்பில் சன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயரே 'ஜன்னல்'. ஜூன் முதல் ஒரு கேள்விக்கும் வாய் திறந்ததில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள். வாயால் கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு லேசாக அசையும், அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த வேறு யாராவது டீச்சர்தான்.

பருவ முடிவில் வாய்மொழிப் பட்டியல் ஒன்று போகும். 'பதில் அளித்தமை' என்ற கட்டத்தில் ஒரு குறிகூட இல்லாதவர்கள் தனிக்கவன வகுப்புக்கு மாற்றப்படுவார்கள். தனிக்கவன வகுப்பு பின்கட்டில், உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு வருகைப் பதிவேடு வந்துவிட்டது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார்.

பட்டியலுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஜன்னலின் கட்டம் காலியாக இருந்தது.

தொண்டை கட்டிய அன்று அறிவியல் டீச்சர் கரகரத்த குரலில் கேட்டாள்: "வெயிலே இல்லாத நாள்லயும் ஈரத்துணி காயுதே, எப்படி?" கேட்டு முடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. வழக்கமாக அடுத்த மூச்சில் பதிலையும் தானே சொல்லிவிடுபவள், அன்று பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். ஒரு மடக்கு. இரண்டு. மூன்றாவது மடக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தபோது சன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"தண்ணி கிளம்பிப் போறதுக்கு வெயில்தான் வேணும்னு இல்ல டீச்சர். காத்து வழி விட்டா போதும்."

டீச்சர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றாள். புடவையெல்லாம் நனைந்த பிறகுதான் எடுத்தாள்.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து நிதானமாகப் பேசுவது அவர் தொழிலில் பாதி. அன்று சாயங்காலம் அவர் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்.

"இன்னிக்கு வேலை எப்படி இருந்தது? அதிகமா? முகத்தப் பாத்தாலே தெரியுது. அந்தப் பழைய கட்டடம்தான? நான் அப்பவே சொன்னேன்."

அவர் துண்டை எடுத்துக் கைதுடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"நீயே கேட்டு நீயே பதிலும் சொல்லிட்ட. நடுவுல நான் எதுக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. இரவு படுத்தபின் அந்த வாக்கியம் மண்டைக்குள் நடமாடியது. கேள்வி கேட்டதும் வருகிற அமைதி அவளுக்கு எப்போதுமே தாங்காது. உள்ளங்கை அரிக்கும், கால் தரையைத் தட்டும். அந்த வெற்றிடத்தில் யாரோ நின்று தன்னை எடை போடுகிற மாதிரி இருக்கும். அது நிறைகிற வரைக்கும் எதையாவது அள்ளிக் கொட்டுவாள். பதினாறு வருடமாகப் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள்: சும்மா உட்கார்ந்திருந்தால் பதில் பஸ் மாதிரி தானாக வந்து நிற்கும்.

மறுநாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணினாள். ஆறாவது எண்ணில் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தாள். ஆனால் கைகள் உயர்ந்தன. கடைசி பெஞ்சிலிருந்துகூட உயர்ந்தன. அந்த வாரப் படிவத்தில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'ஒரு மாணவி முதல்முறையாகப் பதில் சொன்ன நாளிலிருந்து, கேள்வி கேட்டபின் காத்திருக்கிறேன்.' முன் படம், பின் படம் இரண்டிலும் ஒரு டீச்சர் கரும்பலகை முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

படிவம் போன நான்காம் நாள் திட்ட மேற்பார்வையாளர் நேரில் வந்துவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரு சதவீதம்'. ஒரு சதவீதம் எந்நேரமும் ஒரு பலகையில் தாளைச் செருகி மார்போடு அணைத்திருப்பார். தாளைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார்.

"இதுல மாற்றம் எங்க இருக்கு டீச்சர்? ரெண்டு படமும் ஒண்ணா இருக்கு."

"ரெண்டாவதுல நான் காத்திருக்கேன் சார்."

"முதல்லயும் சும்மாத்தான நிக்கறீங்க?"

"அதுல அடுத்த வார்த்தை பேசப் போறேன். இதுல பேசப் போறதில்ல."

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "காத்திருக்கறது ஒரு செயல் இல்லையே. அந்த நேரத்துல நீங்க என்ன செய்யறீங்க?"

"ஒண்ணும் செய்யல சார்."

"ஒண்ணும் செய்யலன்னு நான் எழுதினா, சம்பளம் வாங்கிட்டு ஏன் ஒண்ணும் செய்யலன்னு மேல கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் பார்வை மேசை மேல் போய் நின்றது. "அது என்ன?"

"தண்ணி பாட்டில்."

"அன்னிக்கு அந்தப் பொண்ணு பதில் சொன்னப்ப இது இருந்ததா?"

"இருந்தது. தொண்டை கட்டியிருந்தது சார், அதனால குடிச்சேன். ஆனா முக்கியம் அதுல்ல, அந்த இடைவெளி—"

"குடிச்சீங்க." அவர் எழுதிக்கொண்டார். முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "எத்தன மடக்கு?"

அவள் உண்மை பேசுகிற வழக்கமுள்ளவள். "மூணு," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. கேள்வி கேட்பவர் யாராயினும், கேட்ட உடன் மூன்று மடக்கு நீர் அருந்த வேண்டும். இந்நடைமுறை மாவட்டம் முழுவதும் அமலுக்கு வருகிறது. கீழே கல்வி இயக்குநரின் கையெழுத்து. பாட்டில்கள் லாரியில் வந்து இறங்கின. பச்சை நிறம், மடக்கின் அளவைக் காட்டப் பக்கவாட்டில் கோடுகள். இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் மூடியைத் திறப்பது, இரண்டாம் நாள் மூடுவது. ஒரு பயிற்றுநர் மேடையில் நின்று விழுங்கிக் காட்டினார். பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமென்று தொண்டையைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

பயிற்சியில் அறிவியல் டீச்சர் எழுந்து நின்றாள். "தண்ணி குடிக்கறது இல்ல சார் விஷயம். குடிக்கற நேரம் சும்மா இருக்கோமே, அதுதான்."

"தண்ணி இல்லாமலே சும்மா இருக்கலாம்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்."

பயிற்றுநர் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "நீங்கதான இதக் கண்டுபிடிச்சது? கண்டுபிடிச்சவங்களுக்கே சில சமயம் புரியாது. உக்காருங்கம்மா."

கேள்வி கேட்டால் தண்ணீர். தண்ணீர் குடித்தால் அதற்கடுத்ததும் வரத்தானே செய்யும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை. சாவி ஆயாவின் இடுப்பில். மூன்றாவது பாடவேளைக்குள் கதவு முன்னால் வரிசை நின்றது.

"அறிவ வளக்கறேன்னு சொல்லி என் பக்கெட்டத்தான் காலி பண்றீங்க," என்றாள் ஆயா. "இவ்ளோ கேள்வி கேக்கணுமா டீச்சரம்மா? நீங்க எல்லாம் படிச்சவங்கதான, உங்களுக்கே தெரிஞ்சிருக்காதா?"

கணக்கு டீச்சர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். வரலாற்று டீச்சர் ஒரே கேள்வியை வாரம் முழுக்க வைத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில், அந்த மூன்று மடக்கு நேரத்தில், அறிவியல் வகுப்பில் நடக்க வேண்டியது நடந்துகொண்டுதான் இருந்தது. பதில்கள் தயங்கித் தயங்கி வந்தன. ஜன்னல் இன்னொரு முறை எழுந்து பாதி வாக்கியம் சொன்னாள். மணியடித்து அதை விழுங்கிவிட்டது. பாதி வாக்கியத்துக்குக் குறி போடக் கட்டத்தில் இடமில்லை. முதல் நாள் சொன்ன முழுப் பதிலோ நீர்த்திட்டத்துக்கு முந்தியது. அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஒரு சதவீதம் சொல்லிவிட்டார். இருந்தாலும் டீச்சர் விட்டுவிடவில்லை. போனால் போகட்டும், பைத்தியக்காரத்தனத்துக்குள்ளேயே இந்தப் பெண்ணுக்கு ஏழு எண்ணிக்கை கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தேக்க விதி வேலை செய்ய ஆரம்பித்தது. மூன்று மடக்கு மூன்று வாரமாக மூன்று மடக்காகவே இருந்தது. மேம்பாட்டை மேம்படுத்த ஒரு குழு உட்கார்ந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் தண்ணீர் குடிப்பதால் ஒரு பாடவேளைக்கு நான்கு நிமிடம் வீணாவதாகக் கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்தது. திருத்தம் வந்தது: இனிமேல் நீரைக் கேள்விக்கு முன்பே அருந்திவிட வேண்டும். பயன் குறையாது. நேரம் மிச்சம். பதில் மூன்று வினாடிக்குள் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

ஒரு சதவீதம் அறிவியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். அவள் தண்ணீர் குடித்தாள், கேள்வி கேட்டாள், காத்திருந்தாள். மூன்றாம் வினாடியில் அவர் பேனாவால் பெஞ்சைத் தட்டினார். அவள் மேலும் காத்திருந்தாள்.

"டீச்சர், செயலற்ற நேரம்."

அந்த வாரம் அவள் பெயருக்கு எதிரில் நாற்பத்தொரு வினாடி செயலற்ற நேரம் ஏறியது. விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. விளக்கம் எழுத உட்கார்ந்தவள் இரண்டு வரியைத் தாண்டவில்லை. மேசை மேல் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. வகுப்பில் பழையபடி பதிலைத் தானே சொல்ல ஆரம்பித்திருந்தாள். வெட்கமாக இருந்தது; அதைவிட மோசம், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. காத்திருக்க வேண்டாம் என்று உத்தரவே வந்துவிட்டதே. ஜன்னல் எழுந்து நின்று உதட்டை அசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். போன தடவை உட்காரும்போது டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். குறை சொல்கிற பார்வை இல்லை. வரும் என்று சொன்ன பஸ்ஸை நம்பி நின்றவர்கள் கடைசியில் ரோட்டைப் பார்ப்பார்களே, அது மாதிரி.

பட்டியலில் கையெழுத்தாகிற வெள்ளிக்கிழமை கல்வி இயக்குநர் திட்டத்தைப் பார்வையிட நேரில் வந்தார். திட்டம் பிறந்த வகுப்பறையைப் பார்க்க வேண்டுமாம். முன்னால் புகைப்படக்காரர், பின்னால் ஒரு சதவீதம், அதற்கும் பின்னால் தலைமையாசிரியை, வாசலில் எட்டிப் பார்த்தபடி ஆயா.

இயக்குநர் கரும்பலகை முன்னால் நின்று பேசினார். "குழந்தைகளே, கல்வின்னா என்ன? கேட்பது. ஆசிரியர் கேட்கணும். மாணவர் கேட்கணும். நான் பதவிக்கு வந்ததிலேர்ந்து எல்லாரையும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். போன மாசம் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, உங்க கருத்து என்னன்னு கேட்டேன். ரெண்டு மணி நேரம் பேசினேன். ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. அவ்வளவு ஒத்துழைப்பு."

அறிவியல் டீச்சர் சுவரோரம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது.

"சார், சன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு," என்றார் புகைப்படக்காரர்.

இயக்குநர் நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். தலைமையாசிரியை குறுக்கே ஓடிவந்தார். "சார், அந்தப் பொண்ணு வேண்டாம், இதோ இந்தப் பக்கம்—"

"இருக்கட்டும். சொல்லும்மா, இந்தத் திட்டத்தால உனக்கு என்ன பயன்? தன்னம்பிக்கை வந்திருக்கு, இல்லையா? வந்திருக்கும். நல்லது."

ஜன்னல் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. ஒரு சதவீதம் பலகையில் செருகியிருந்த வாய்மொழிப் பட்டியலில் அவளுடைய காலிக் கட்டத்தைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார்.

அறிவியல் டீச்சர் தான் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. மேசையிலிருந்த பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே போய் இயக்குநர் முன்னால் நீட்டினாள்.

"சார், தண்ணி."

"எனக்கு வேண்டாம்மா."

"கேள்வி கேட்டா குடிக்கணும் சார். கேட்பவர் யாராயினும்னு இருக்கு. நீங்க கையெழுத்து போட்ட சுற்றறிக்கை."

ஒரு சதவீதம் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "சார், அது திருத்தியாச்சு, முன்னாடியே குடிச்சிடணும்..."

"திருத்தினதுல யார் கையெழுத்து?"

"குழுவோடது சார்."

"முதல்ல இருக்கறது என் கையெழுத்து?"

"ஆமா சார்."

"அப்ப அதுதான் சரி," என்றார் இயக்குநர். பாட்டிலை வாங்கினார். கேள்வியை இன்னொரு தடவை கேட்டார், இம்முறை முதல் வாக்கியத்தோடு நிறுத்தினார். ஏனென்றால் வாயில் பாட்டில் வந்துவிட்டது.

ஒரு மடக்கு.

"அப்படியே இருங்க சார், அருமை," என்றார் புகைப்படக்காரர். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. குடிச்சுக்கிட்டே இருங்க."

இரண்டு. மூன்று. டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கில் தலைமையாசிரியை பதிலை எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்தாள். பதினாறு வருடப் பழக்கத்தில் டீச்சரின் நாக்கே துடித்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஐந்து. இயக்குநரின் கண்கள் பாட்டிலுக்கு மேலே உருண்டன. ஆறு. விசிறியின் சத்தம் கேட்டது. ஏழு போய்விட்டது. எட்டு.

"பெரியவங்க தண்ணி குடிக்கறப்ப அவங்களால பேச முடியாது சார்," என்றாள் ஜன்னல். கொஞ்சம் நிறுத்தி, மீதியைத் தேடி எடுத்தாள். "அப்பதான் நாங்க யோசிச்சதச் சொல்ல முடியுது."

வாசலில் ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயக்குநர் பாட்டிலை இறக்கி மீசையைத் துடைத்தார். "கேட்டீங்களா? யோசிக்கறாங்களாம். எதனால? தண்ணியால. நாம குடிச்சா அவங்க மூளைக்குப் போகுது. இது சாதாரண விஷயம் இல்ல. எழுதிக்கங்க."

ஒரு சதவீதம் எழுதிக்கொண்டார். எழுதுகிற கையோடு கட்டத்தில் ஒரு குறியும் போட்டார். டீச்சர் அதை எட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள். மத்தியானம் கையெழுத்தான பட்டியலில் தனிக்கவன வகுப்புக்கு அந்தப் பெயர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அடுத்த சுற்றறிக்கை வந்தது. நீர்த்திட்டம் நூறு சதவீத இலக்கை எட்டிவிட்டதால் நிறுத்தப்படுகிறது. பாட்டில்களை எண்ணித் திருப்பி ஒப்படைக்கவும். இயக்குநர் வருகையின்போது எடுத்த படத்தை நிபுணர்கள் ஆராய்ந்ததில், பதில் சொன்ன மாணவி சன்னல் ஓரம் அமர்ந்திருந்தது தெரியவந்துள்ளது. இனி வாய் திறக்காத மாணவர் அனைவரையும் சன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும். சன்னல்கள் போதாத பள்ளிகள் தேவையான எண்ணிக்கையைத் தெரிவிக்கவும்.

அறிவியல் டீச்சர் தன் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாள். பதினாறு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான்.

வகுப்பில் கேள்வி கேட்டதும் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்வாள். வராந்தாவில் போகிற ஒரு சதவீதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீர் குடிப்பவரைச் செயலற்றவர் என்று எழுத விதியில்லை. ஆயாவுக்கு மட்டும் அவள் ஏன் சாவி கேட்டு வருவதில்லை என்பது புரியவில்லை.

ஒருநாள் மணியடித்து எல்லாரும் போனபின் ஜன்னல் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"இதுல தண்ணியே இல்லையே டீச்சர். அப்புறம் ஏன் தூக்கிக் குடிக்கறீங்க?"

டீச்சர் சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேற்பார்வையாளர் என்று சொல்லலாம். விதி என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் பதில் இல்லை. உள்ளங்கை அரித்தது. கால் தரையைத் தட்டத் தொடங்கியது.

அந்தப் பெண் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணை எடுக்கவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி, உதடு லேசாக அசைய, நின்றாள். அவள் எண்ணுகிறாள் என்பது டீச்சருக்கு ஐந்தில்தான் தெரிந்தது.

ஆறு. ஏழு.

"சும்மா இருக்கத் தெரியலம்மா எனக்கு," என்றாள் டீச்சர். "கையில ஏதாவது பிடிச்சிருந்தாத்தான் பொறுக்க முடியுது."

ஜன்னல் அந்தப் பதிலை யோசித்துப் பார்த்தாள். பிறகு, போதும் என்று தலையை ஆட்டிவிட்டு, மூடியை இறுக்கமாகத் திருகிப் பாட்டிலை டீச்சர் கையிலேயே கொடுத்தாள்.